திரைக்கு வெயில் ஆகாது

இப்படிக் கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள். அடுப்பில் ஏதாவது இருந்தால் தணித்து வைத்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன். ஒரு வீடே ஒன்றுகூடி, பாசம் தாங்க முடியாமல், அந்த வீட்டுப் பெண்ணின் வேலைக்கே உலை வைக்கப் பார்த்த கதை இன்றைக்கு. பயப்படாதீர்கள். சிரித்த முகத்தோடுதான் எழுந்து போவீர்கள், அதற்கு நான் பொறுப்பு.

போன வாரம் வராதவர்களுக்காக இரண்டு வார்த்தை.

நம் தையற்காரம்மாவின் மருமகள் மின்சாரக் கார் செய்கிற கம்பெனியில் இன்ஜினியர். காரின் நடுவில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு டச் ஸ்கிரீன் இருக்கிறதே, தொட்டால் ஏசி, தொட்டால் பாட்டு, தொட்டால் வைப்பர், அந்தத் திரைதான் அவள் வேலை. எங்கள் மருமகள் செய்தது என்ற ஒரே காரணத்துக்காக வீட்டில் அந்தக் காரையே வாங்கினார்கள்.

வாங்கியது முதல் ஒரே கூத்து. வெயில் ஏறினால் திரைக்குப் பித்துப் பிடித்துவிடும். முதலில் மங்கும். பிறகு ஒன்றைத் தொட்டால் வேறொன்று நடக்கும். கடைசியில் கறுத்துப் போய்ச் சும்மா இருந்துவிடும். கொளுத்துகிற பகலில் ஏசி போடப் போய் ஹீட்டர் வந்து, அதை அணைக்கவும் முடியாமல், மாமனார் குளித்துக் கரையேறியவர் மாதிரி வீடு வந்து சேர்ந்ததைப் போன வாரம் பார்த்தோம்.

அந்த மாமனார் ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர். எதற்கெடுத்தாலும் சிவப்பு, பச்சை என்றே பேசுவதால் தெருவில் அவருக்குப் பெயர் சிக்னல். மகன் கப்பலில் சமையல்காரன், இப்போது எந்தக் கடலில் இருக்கிறானோ. வீட்டில் இருப்பது இந்த மூன்று பேர்தான்.

இனிதான் விஷயம். கம்பெனியில் புது கார் வரப்போகிறது. அதிலும் எல்லாமே திரைக்குள்தான். மருமகள் தன் மேலாளரிடம் போய், "மேடம், இதை நிறுத்துங்க. ஏசிக்கும் வைப்பருக்கும் கையால திருகற மாதிரி குமிழ் வைக்கணும். வெயில்ல திரை செத்துப் போகுது" என்று சொல்லிவிட்டாள். தன் வேலையைத் தானே குறை சொல்கிற பெண்ணை அந்த அம்மாள் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தார்.

"சோதனைக் கூடத்துல ஒரு தடவைகூட நிக்கலையே?"

"அங்க ஏசி ஓடுது, மேடம். எங்க வீட்டுக் காரை வெயில்ல வந்து பாருங்க. நான் சொன்னது தப்புன்னா வேலையை விட்டுடறேன்."

"சரி, நாளைக்கு மதியம் வர்றேன்" என்றார் மேலாளர்.

ஆக, கார் கெட்டால் பெண்ணுக்கு வேலை உண்டு. கார் ஒழுங்காக ஓடினால் வேலை போச்சு. இது உங்களுக்கும் எனக்கும் தெரியும். வீட்டில் தெரியாது. மாமனார் தெருவெல்லாம் தூக்கிவைத்துப் பேசிய திரையை, ஆகாது என்று எப்படி வீட்டில் சொல்வாள்? "நாளைக்கு மேடம் நம்ம காரைப் பார்க்க வர்றாங்க அத்தை. அந்தத் திரையிலதான் என் வேலையே இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள்.

தையற்காரம்மாவுக்கு அது போதாதா?

* * *

மறுநாள் காலை. வீட்டின் முன்னறைதான் தையல் கடை. பள்ளிக்கூடச் சீருடைகள் மலைபோல் குவிந்திருக்க, தையற்காரம்மா பாபினில் நூல் ஏற்றிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மருமகள் காரை எடுத்துக்கொண்டு போய், கட்டிடத்து நிழலிலிருந்து நட்ட நடுவெளியில், முன்கண்ணாடி நேராக வெயிலைப் பார்க்கும்படி நிறுத்தினாள். ஜன்னல்களை எல்லாம் ஏற்றி மூடினாள். பஸ் பிடிக்க ஓடினாள்.

"என்னங்க, இங்க வாங்களேன். உங்க மருமக பண்ணியிருக்கற வேலையைப் பாருங்க."

சிக்னல் முகத்தில் சோப்பு நுரையோடு வந்தார். பாதித் தாடையில்தான் சவரம் ஆகியிருந்தது. "ஐயையோ, சிவப்பு! வெயில்லயா விட்டுட்டுப் போனா?"

"பாவம், பதட்டம். ராத்திரி பூரா புரண்டுக்கிட்டே இருந்தா. நான்தான் பார்த்தேனே. மேடம் வர்ற நேரத்துல அது காய்ஞ்சு கறுத்துப் போய் நின்னா பொண்ணு மானம் என்ன ஆகறது?"

"வேலையே போயிடும்."

"உங்க வாயில நல்லதே வராதா? போங்க, மீதி மூஞ்சியைச் செரைச்சுட்டு சாவியை எடுங்க."

சிக்னல் காரை மறுபடி நிழலுக்குக் கொண்டுவந்தார். அவர் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டுத்தான் காரை எடுத்தார். மேடம் வருவதற்குள் மறுபடி அதே இடத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டுமாம். "பிளாட்பாரத்துல கோடு பார்த்து நிறுத்தினவன்மா நான். ஒரு விரக்கடை தள்ளாது" என்றார்.

தையற்காரம்மா சீருடைகளை ஒதுக்கித் தள்ளினாள். திரைச்சீலைக்கு வாங்கி மிஞ்சிய வெள்ளி நிற லைனிங் துணி இருந்தது. டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு காருக்குப் போய், குழந்தைக்குச் சட்டை அளவெடுப்பது போலத் திரைக்கு அகலம், உயரம், கனம் எல்லாம் எடுத்தாள். இரட்டை மடிப்பு, ஓரத்தில் நாடா, பின்பக்கம் முடிச்சு. தைத்து முடித்து மாட்டியபோது அது முக்காடு போட்ட பெண் மாதிரி இருந்தது.

"ஒரு கொசுவம் வச்சிருக்கலாம்" என்றார் சிக்னல்.

"கிண்டலா? உங்க பையன் கல்யாணச் சட்டைகூட இவ்வளவு சரியா உக்காரலை."

அதோடு விட்டாளா? ஃப்ரீசரிலிருந்து ஐஸ் கட்டிகளை எடுத்துப் பிளாஸ்டிக் பைகளில் கட்டி, அதற்கு மேல் துணிப்பை தைத்து, திரையின் முதுகுப்பக்கம் தொங்கவிட்டாள். தையல் அறையிலிருந்த சின்ன மேஜை விசிறியை நீள வயர் போட்டுக் கார் ஜன்னல் வழியாக உள்ளே நீட்டினாள். சிக்னல் பக்கத்தில் உட்கார்ந்து, காலர் வெட்டுகிற அட்டையால் அவர் பங்குக்கு விசிறினார்.

"எஞ்சின்ல நான் வெந்தப்போ யாராவது எனக்கு விசிறினீங்களா?"

"நீங்க என்ன டச் ஸ்கிரீனா? தொட்டா ஒரு வேலையும் நடக்காது."

அந்த நேரம் மருமகளின் போன் வந்தது.

"அத்தை, கார் வச்ச இடத்துல இருக்குல்ல?"

தையற்காரம்மா கணவனைப் பார்த்தாள். அவர் சாக்பீஸ் கோட்டைச் சுட்டிக்காட்டி, பச்சை என்று கையால் சைகை செய்தார்.

"நீ வரும்போது வச்ச இடத்துலயே இருக்கும்மா. திரையைப் பத்தி நீ கவலையே படாதே. நான் பார்த்துக்கறேன்."

"நீங்க எதுவும் பண்ண வேண்டாம் அத்தை. அது அப்படியே இருந்தா போதும்."

"எல்லாம் எனக்குத் தெரியும். நீ வயித்துக்கு ஏதாவது போட்டுக்கிட்டு வா."

போனை வைத்த பெண் அந்தப் பக்கம் நிம்மதியாக மூச்சு விட்டாள். இந்தப் பக்கம் மாமியார் ஐஸ் பையை மாற்றினாள்.

* * *

மதியம் மேலாளர் மருமகளோடு வந்து இறங்கினார். ஒட்ட வெட்டிய நரைமுடி, சுருக்கமே இல்லாத கோட்டு, சுருக்கமே இல்லாத பேச்சு. ஆபீசில் அவருக்கு இஸ்திரி என்று பெயர் என்று மருமகள் ஒருநாள் சொல்லிச் சிரித்திருக்கிறாள். தையற்காரம்மாவின் கண் நேராக அவர் தோளுக்குத்தான் போனது. கோட்டு விலை அதிகம்தான். இடது தோள் இறங்கியிருந்தது.

கார் சாக்பீஸ் கோட்டில் நின்றது, ஒரு விரக்கடை தள்ளாமல். முக்காடும் விசிறியும் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டன.

"நீங்களும் உக்காருங்க" என்றார் மேலாளர், சிக்னலையும் தையற்காரம்மாவையும் பார்த்து. "வீட்டுல ஓட்டறவங்க இருந்தா நல்லது." இருவரும் பின் இருக்கையில், கல்யாண வீட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

மருமகள் முன்னால் பக்கத்து இருக்கையில் ஏற, மேலாளர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து திரையில் விரல் வைத்தார். திரை பளிச்சென்று எழுந்தது.

ஏசி என்றார். குளிர்காற்று வந்தது. பக்கக் கண்ணாடி என்றார். மடங்கி விரிந்தது. முன்னால் இருக்கும் சாமான் பெட்டியைத் திறக்கும் படத்தைத் தொட்டார். பெட்டி வாயைத் திறந்தது. மூக்குக் கண்ணாடியை அதில் வைத்து மூடி, மறுபடி தொட்டார். மறுபடி திறந்தது.

"பச்சை" என்று சிக்னல் மனைவியின் காதில் சொன்னார்.

தையற்காரம்மா பூரித்துப் போய் மருமகளைப் பார்த்தாள். பார்த்தவளுக்கு ஏதோ இடித்தது.

எத்தனையோ வருஷமாக ஆள் ஆளாக நிற்கவைத்துத் துணி போட்டுப் பார்த்தவள் அவள். கண்ணாடியைப் பார்த்து, "நல்லா இருக்குக்கா" என்று வாய் சொல்லும்போது, அக்குளில் பிடிக்கிறது என்று முகம் சொல்லும். அந்த முகம் அவளுக்கு அத்துப்படி. இப்போது மருமகளுக்கு அந்த முகம்தான். திரை ஒவ்வொரு தடவை சொன்ன பேச்சைக் கேட்கக் கேட்க, பெண்ணின் முகம் வெளுத்துக்கொண்டே போனது. வைப்பர் ஒழுங்காக ஆடி நின்றபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"எனக்கு ஒரு குறையும் தெரியலையே" என்றார் மேலாளர். கோபமாகக்கூட இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "வெயில்லதான் நிக்குது. எல்லாம் வேலை செய்யுது. நேத்து நீ ஒரு வார்த்தை சொன்னே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு, மேடம்."

 தையற்காரம்மா வாயைத் திறந்தால் மேடம் முன்னால் கோமாளியாக வேண்டும். திறக்காவிட்டால் இந்தப் பெண் இப்படியே உட்கார்ந்திருப்பாள். அவள் முன் இருக்கைகளுக்கு நடுவில் தலையை நீட்டினாள்.

"ஏம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இது ஓடணுமா, ஓடக்கூடாதா?"



"ஓடக்கூடாது அத்தை" என்றாள் மருமகள். "இது வெயில்ல கெட்டுப் போகுதுன்னு காட்டத்தான் மேடத்தைக் கூட்டிட்டு வந்தேன்."

"அட கடவுளே! அதை ராத்திரியே ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? விடிஞ்சதுலேர்ந்து நானும் உங்க மாமாவும் இதுக்குப் பிரசவம் பார்த்துக்கிட்டிருக்கோம்!"

மேலாளர் திரும்பினார். "என்ன பார்த்தீங்க?"

"மேடம், இது வெயில்ல நிக்கவே இல்லை. நிழல்ல நின்னுது."

"மருமகளைக் காப்பாத்தறதுக்காக இப்படிச் சொல்றீங்களா?"

 தையற்காரம்மா கையை நீட்டித் திரையின் முதுகுப்பக்கம் துழாவி, சொட்டச் சொட்ட ஒரு ஐஸ் பையை உருவி மேலாளர் கையில் வைத்தாள். மேலாளர் சில்லென்று துள்ளினார். சிக்னல் இறங்கி ஓடிப்போய், முக்காட்டையும் விசிறியையும் பிடிபட்ட திருட்டுச் சாமான் மாதிரி கொண்டுவந்து நீட்டினார்.

மேலாளர் முக்காட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள் தையலைப் பார்த்தார். மருமகள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

"தினமும் இப்படியா?"

"முக்காடு இன்னிக்குத்தான்" என்றார் சிக்னல். "மத்த நாள்ல வண்டி எடுக்கறதுக்கு முன்னாடியே ஏசியை வச்சுடுவேன். அப்புறம் திரையைத் தொட மாட்டேன். அந்தப் பெட்டிக்குள்ள நாங்க எதையுமே வைக்கறது இல்லைங்க. இவ மூக்குக் கண்ணாடி உள்ள மாட்டிக்கிட்டு, ஒருநாள் பூரா என் கண்ணாடியைப் போட்டுக்கிட்டுத் தைச்சா. ஒரு பையன் டிரவுசருக்கு மூணு கால்."

"ரெண்டுதான்! ஒண்ணு கொஞ்சம் குட்டை, அவ்வளவுதான்."

மேலாளரின் உதட்டோரம் அசைந்தது. ஆனாலும் அவர் இஸ்திரி. "கதை கேட்டு நான் முடிவு பண்ண முடியாது. எல்லாத்தையும் எடுங்க. ஜன்னலை மூடுங்க. வெயில்ல நிக்கட்டும். அப்புறம் பார்க்கலாம்."

* * *

கார் காய்ந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கம் எல்லோரும் தையல் அறையில்.

மருமகள் நகத்தைக் கடித்தபடி ஜன்னலிலேயே நின்றாள். தையற்காரம்மாவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. "மேடம், தப்பா நினைக்காதீங்க. அந்தத் தோளை என்னால பார்க்க முடியலை. கழட்டுங்க" என்றாள். யாரும் அந்த அம்மாளிடம் அப்படிப் பேசியதில்லை போலிருக்கிறது, மறுபேச்சில்லாமல் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். தையற்காரம்மா தோளைப் பிரித்துத் தைத்தாள். ஊசி ஏற ஏற, உள்ளுக்குள் ஒரே வேண்டுதல்: இதுவரை எத்தனையோ கேட்டிருக்கேன், ஒண்ணு கெட்டுப் போகணும்னு இன்னிக்குத்தான் கேக்கறேன். அந்தத் திரையைக் கெடுத்துக் கொடு.

நேரத்துக்குத் தகுந்த மாதிரி புத்தி மாறுகிற சனியன் அது. இன்றைக்குப் பார்த்து நல்ல பிள்ளையாக நடந்துகொண்டால்?

மறுபடி நால்வரும் ஏறினார்கள். இருக்கை அடுப்பில் போட்ட கல் மாதிரி சுட்டது. மேலாளர் கோட்டை மாட்டிக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைச் சாமான் பெட்டியில் வைத்து மூடிவிட்டு, வண்டியை மெல்ல நகர்த்தினார். திரை பளிச்சென்று எரிந்தது. ஏசி வந்தது.

மருமகள் முன்னால் வெறித்துப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தையற்காரம்மா பின்னாலிருந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

வாசல் கேட்டுக்குப் போகும் பாதையில் திரை மங்கியது.

"அத்தை, மங்குது!"

"பார்த்தேன், பார்த்தேன். நல்லா மங்கட்டும்."

மேலாளர் ஏசியைக் கூட்டத் தொட்டார். வைப்பர் வறட்டுக் கண்ணாடியில் கர்ரக் கர்ரக்கென்று ஆடத் தொடங்கியது. வைப்பரை நிறுத்தத் தொட்டார். ரேடியோ அலறியது, இருமல் மருந்து விளம்பரம். ரேடியோவை அணைக்கத் தொட்டார். அவர் உட்கார்ந்திருந்த இருக்கை, யாரோ பின்னாலிருந்து தள்ளுவது போல, நிதானமாக, மரியாதையாக முன்னால் நகர்ந்தது. நகர்ந்தது, நகர்ந்தது, அந்த அம்மாளின் மூக்கு ஸ்டீயரிங்கைத் தொடும்வரை நகர்ந்தது.

"சிவப்பு! சிவப்பு! பிரேக்கைப் போடுங்க!" என்று சிக்னல் கத்தினார்.

பிரேக் பிடித்தது. கார் நின்றது. திரை ஒரு தடவை மின்னிவிட்டுக் கறுத்தது.

பின் இருக்கையில் இரண்டு பேரும் கை தட்டினார்கள். சிக்னல் விசில் அடித்தார். மருமகள் திரும்பி, இருக்கைகளுக்கு நடுவில் புகுந்து மாமியாரின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சொந்தக் கார் கெட்டுப்போனதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட குடும்பத்தை நீங்கள் எங்கேயாவது பார்த்ததுண்டா?

ஸ்டீயரிங்குக்கும் இருக்கைக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்த மேலாளர், "நல்லவேளை, பிரேக்கைத் திரையில வைக்காம விட்டியே" என்றார்.

"நீங்கதான் மேடம், அதையும் வச்சா என்னன்னு கேட்டீங்க."

 அந்த அம்மாள் சிரித்துவிட்டார். இடமில்லாத இடத்தில் சிரித்ததால் ஹாரன் அழுந்தி, அவர் குலுங்கக் குலுங்க அதுவும் சேர்ந்து சிரித்தது.

"புது கார் நிக்கட்டும். குமிழ் வைப்போம்" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஏசிக்கு ஒண்ணு, வைப்பருக்கு ஒண்ணு, இந்தப் பெட்டிக்கு ஒரு கைப்பிடி. சரி, இப்ப என் கண்ணாடியை எடுத்துக் கொடு."

மருமகள் கறுத்த திரையைப் பார்த்தாள். மாமியாரைப் பார்த்தாள்.

அப்புறம் என்ன? சிக்னல் காரை நிழலுக்குத் தள்ளிவிட, திரை ஆறுகிற வரைக்கும் ஆளுக்கொரு காலர் அட்டையை எடுத்துக்கொண்டு நான்கு பேரும் அதற்கு விசிறினார்கள். எப்படியோ நெளிந்து வெளியே வந்து, இஸ்திரி போட்ட கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு மேலாளரும் விசிறினார்.

விசிறிக்கொண்டே சொன்னார்: "இந்தக் குமிழ் வேலையை நீதான் முன்னால நின்னு செய்யணும். தொழிற்சாலை ரொம்ப தூரம், கடல் தாண்டிப் போகணும். ஆறு மாசமாவது ஆகும். அங்க உனக்கு வீடு கொடுப்பாங்க. அடுத்த வாரமே கிளம்ப முடியுமா?"

விசிறிகள் நின்றன.

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆசை காதுமடல் வரைக்கும் சிவந்து தெரிந்தது. "போகணும்தான் மேடம். ஆனா தனியா போய் என்ன பண்றதுன்னு... யாராவது ஒருத்தர் கூட வந்தா..."

"நான் வர்றேன்" என்றாள் தையற்காரம்மா.

"நான் வர்றேன்" என்றார் சிக்னல்.

இரண்டும் ஒரே மூச்சில். பிறகு இருவரும், கல்யாணமானதிலிருந்து ஒரே வண்டியில் வந்தவர்கள், ஒருவரை ஒருவர் முறைத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

"சீருடை எல்லாம் யாரு தைப்பா?"

"உங்களுக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது, நீங்க போய் அவளுக்கு என்ன துணை?"

"கடல் தாண்டின ஊர்ல ரயில் எப்படி ஓடுதுன்னு நான் பார்க்க வேண்டாமா?"

"ஓ, துணைக்குப் போறது ரயிலுக்கா, மருமகளுக்கா?"

சண்டை அந்திவரை போனது. யார் பெட்டி கட்டினார்கள் என்பது இன்னும் எனக்கே சரியாகப் பிடிபடவில்லை. மருமகள் மட்டும் காரின் படியில் உட்கார்ந்து, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நீங்களும் எழுந்து உங்கள் வேலையைப் பாருங்கள் என் செல்வங்களே. உங்கள் வீட்டிலும் ஒரு பெண் தூரதேசம் கிளம்பட்டும். அவளோடு நான்தான் போவேன் என்று இரண்டு பேர் மல்லுக்கு நிற்கட்டும். அந்தச் சண்டையைத் தவிர வேறு சண்டை உங்கள் வாசற்படி ஏறாமல் இருக்கட்டும்.